உலகப் புகழ்பெற்ற சின்னங்களில் நடப்பதாகக் காட்டப்படும் திரைப்படக் காட்சிகள் உண்மையில் அங்கேயேதான் எடுக்கப்படுகின்றனவா?

வாசல் வரை பெரும்பாலும் உண்மை. வாசலைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் செட் என்பதே சுருக்கமான பதில். இதற்குச் செலவும் வசதியும் மட்டுமே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். படங்களையும் அவை எடுக்கப்பட்ட விதத்தையும் பல ஆண்டுகளாக ஆர்வத்துடன் கவனித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. உண்மையான இடம் எங்கே முடிந்து செட் எங்கே தொடங்குகிறது என்பதை முடிவு செய்பவர்களில், இயக்குநருக்கு நிகராக அந்தச் சின்னத்தைப் பராமரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஜோர்டானில் உள்ள பெட்ராவை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள அல் கஸ்னே என்னும் முகப்பை உலகெங்கும் கொண்டு சேர்த்ததில் 1989இல் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் வரிசையின் மூன்றாவது படத்துக்குப் பெரும் பங்குண்டு. ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய பாறை இடுக்கின் வழியே வரும் பாத்திரங்கள், சுமார் 40 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான மலையில் குடையப்பட்ட அந்த முகப்பின் முன் வந்து நிற்கும் காட்சி அங்கேயே எடுக்கப்பட்டது. அதற்குப் பின் வரும் பொறிகளும் மண்டபங்களும் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் போடப்பட்ட செட்டுகள். நான் பெட்ராவுக்குச் சென்றிருந்தபோது, தடுப்புக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தவர்கள் பலரின் முகத்திலும் ஏமாற்றத்தைக் காண முடிந்தது. அத்தனை பிரம்மாண்டமான முகப்புக்குப் பின்னால் இருப்பது வேலைப்பாடு ஏதுமற்ற, வெறுமையான சதுர அறை. முகப்பின் உச்சியில் ஒரு கல் தாழி உண்டு. அதற்குள் புதையல் இருப்பதாக நம்பிய பெதூவின்கள் என்னும் பாலைவன நாடோடி மக்கள் முற்காலத்தில் அதைத் துப்பாக்கியால் சுட்ட தடங்களை இன்றும் கீழிருந்தே பார்க்கலாம். ஆக, அந்த மலைக்குள் ஏதோ இருக்கிறது என்ற கற்பனை சினிமாவுக்கு முன்பே அங்கு இருந்திருக்கிறது.

அனுமதி மறுப்பு ஒரு காட்சியை எப்படி மாற்றும் என்பதற்கு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தை விடச் சிறந்த பாடம் இல்லை. நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் படமெடுக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே, எதிரே நிறுத்திய வண்டிக்குள் கேமராவை மறைத்து வைத்து, கேரி கிராண்ட் அந்தக் கட்டடத்தை நோக்கி நடந்து செல்வதை அவர் திருட்டுத்தனமாகப் படம்பிடித்தார்; உட்புறம் ஸ்டூடியோவில் உருவாக்கப்பட்டது. அதே படத்தின் உச்சக்கட்டம் ரஷ்மோர் மலையில் செதுக்கப்பட்ட அமெரிக்க அதிபர்களின் முகங்களுக்கு இடையே நடக்கிறது. அந்த முகங்களின் மீது வன்முறைக் காட்சி எடுப்பதைத் தேசியப் பூங்கா நிர்வாகம் ஏற்காததால், துரத்தல் காட்சிக்கான பாறைகள் எம்ஜிஎம் ஸ்டூடியோவுக்குள் எழுப்பப்பட்டன. ஐ.நா. சபை தன் பொது அவை, பாதுகாப்பு அவை மண்டபங்களின் கதவைப் படப்பிடிப்புக்கு முதன்முதலாகத் திறந்தது 'தி இன்டர்பிரெட்டர்' (2005) படத்துக்குத்தான். அதற்கும் சபையின் அன்றாடப் பணி கெடாதபடி இரவுகளிலும் வார இறுதிகளிலும் மட்டுமே இடம் கிடைத்தது.

'தி டாவின்சி கோட்' (2006) எடுக்கப்பட்ட கதை இதைவிடச் சுவையானது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் இரவு நேரப் படப்பிடிப்புக்கு இசைந்தது. ஆனால் மோனாலிசா ஓவியத்தின் மேல் நேரடியாக விளக்கொளி பாய்ச்சக் கூடாது என்பதால், படத்தில் நாம் காண்பது ஒரு நகல். நீளமான ஓவியக்கூடத்தையே பைன்வுட் ஸ்டூடியோவில் செட்டாகப் போட வேண்டியிருந்தது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம், கதையின் சமயக் கருத்துகளை ஏற்க முடியாது என்று கூறி அனுமதி மறுத்துவிட்டது. அதன் இடத்தில் நடித்தது, ஆம், நடித்தது என்றே சொல்ல வேண்டும், லிங்கன் நகரத்துப் பேராலயம். அங்கே மணிக்கொரு முறை ஒலிக்கும் பெரிய மணியை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதன்முறையாக, இந்தப் படப்பிடிப்புக்காகத்தான் நிறுத்தி வைத்தார்கள். ஒலிப்பதிவாளர்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அந்த முடிவின் அருமை புரியும்.

எல்லாவற்றுக்கும் அனுமதி மறுப்பே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 'கிளாடியேட்டர்' (2000) படத்துக்கு இன்றைய கொலோசியத்தால் பயன் ஏதுமில்லை. கதைக்கு வேண்டியது இடிபாடு ஏதுமில்லாத முழு அரங்கம். ஆகவே மால்டாவில் சுமார் 16 மீட்டர் உயரத்துக்கு அதன் ஒரு பகுதியைக் கட்டி, மீதியைக் கிராஃபிக்ஸில் நிறைத்தார்கள்.

அனுமதி கிடைத்தாலும் அடுத்த சிக்கல் கூட்டம். '28 டேஸ் லேட்டர்' (2002) படத்தில் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் ஆளே இல்லாமல் கிடப்பதைப் பார்த்துப் பலரும் அது கிராஃபிக்ஸ் என்றே நினைக்கிறார்கள். உண்மையில், விடிந்தும் விடியாத வேளையில், போக்குவரத்தைச் சில நிமிடங்கள் மட்டும் நிறுத்தி வைத்து எடுக்கப்பட்ட காட்சிகள் அவை. அந்தச் சில நிமிடங்களுக்குள் கேமராவை வைத்து எடுத்து முடிக்க வேண்டும் என்பதாலேயே, எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றை ஒரே சமயத்தில் பயன்படுத்தினார்கள். அந்தப் படத்துக்கே உரிய சொரசொரப்பான தோற்றம் அதனால் வந்தது.

நம் பாடல் காட்சிகளின் கணக்கு வேறு. 'ஜீன்ஸ்' (1998) படத்தின் ஒரே பாடல் சீனப் பெருஞ்சுவர், எகிப்தியப் பிரமிடுகள், பைசா கோபுரம், கொலோசியம், ஈபிள் கோபுரம், எம்பயர் ஸ்டேட் கட்டடம், தாஜ்மகால் ஆகிய ஏழு இடங்களையும் சுற்றி வருகிறது. பாடலுக்கு நேரடி ஒலிப்பதிவு தேவையில்லை. வரிக்கு வரி இடம் மாறினாலும் யாரும் காரணம் கேட்கப் போவதில்லை. உள்ளே நுழைய வேண்டிய கட்டாயமும் இல்லை. சின்னத்தின் முன்னால் நின்று ஆடினால் போதும் என்பதால், உலகச் சின்னங்களைச் செட் போடாமலே காட்டும் வாய்ப்பு உரையாடல் காட்சிகளை விடப் பாடல்களுக்கு மிக அதிகம். பெரு நாட்டின் மாச்சு பிச்சுவில் 'எந்திரன்' (2010) பாடல் எடுக்கப்பட்டதும் இவ்வகையில் சேரும்.

மாச்சு பிச்சுவின் பெயரைச் சொன்ன பிறகு, பராமரிப்பாளர்கள் ஏன் இவ்வளவு கெடுபிடி காட்டுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2000ஆம் ஆண்டில் அங்கு ஒரு விளம்பரப் படப்பிடிப்பின்போது கிரேன் விழுந்து, இன்கா மக்களின் புனிதக் கல்லான இன்டிவாட்டானாவின் ஓரம் உடைந்தது. தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் 'தி பீச்' (2000) படத்துக்காக மணல்மேட்டைச் சீர்செய்து தென்னைகளை நட்டது நீதிமன்றம் வரை சென்றது. படம் தேடித்தந்த புகழால் பெருகிய பயணிகளின் கூட்டம் அதைவிடப் பெரிய கேட்டை விளைவித்து, 2018இல் அந்தக் கடற்கரையை மூட வேண்டி வந்தது. அது மீண்டும் திறக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான்.

நிபந்தனையே கதைக்குள் நுழைந்துவிட்ட நிகழ்வும் உண்டு. அயர்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஸ்கெல்லிக் மைக்கேல் தீவு, பழைய துறவியர் மடம் ஒன்றைக் கொண்ட யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். பஃபின் பறவைகளின் இனப்பெருக்கத் தலமும் அதுவே. அங்கு 'ஸ்டார் வார்ஸ்' எடுத்தவர்களால் அந்தப் பறவைகளை விரட்டவும் முடியாது, ஒவ்வொரு காட்சியிலிருந்தும் அழித்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஆகவே அவற்றை வேற்றுக்கிரகப் பிராணிகளாக மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 2017இல் வெளிவந்த படத்தில் குழந்தைகள் கொண்டாடிய போர்க் என்னும் உயிரினம் அப்படிப் பிறந்தது. துறவியரின் கல் குடில்களையும் தீவின் மேல் சுமையாக்காமல் அயர்லாந்தின் நிலப்பகுதியிலேயே செட்டாகப் போட்டு எடுத்தார்கள்.

ஒரு காட்சி அந்த இடத்திலேயே எடுக்கப்பட்டதா என்று கண்டுகொள்ள நான் கவனிப்பவை சில உண்டு. பாத்திரம் வாசலுக்குள் நுழையும் கணத்தில் ஷாட் வெட்டப்பட்டால் ஐயப்படுங்கள். வெட்டு இல்லாமல் கேமராவும் உடன் நுழைந்தால் அது அந்த இடமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். நகரத்தின் நடுவே நிழல்கள் நீளமாக விழுந்து, கடைகளின் கதவுகளும் மூடியிருந்தால் அது விடியற்காலைப் படப்பிடிப்பு. புர்ஜ் கலிஃபாவின் வெளிச்சுவரில் டாம் குரூஸ் தொங்குவது போன்ற, பார்த்தவுடன் பொய் என்று தோன்றும் காட்சிகளில் மட்டும் அவசரப்பட வேண்டாம். 2011இல் வெளிவந்த அந்த 'மிஷன் இம்பாஸிபிள்' படத்துக்காக அவர் உண்மையிலேயே அங்கே தொங்கினார். கணினியில் அழிக்கப்பட்டவை அவரைத் தாங்கிய கம்பிகள். எஞ்சிய ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலின் கடைசி நிமிடம் வரை இருக்கையை விட்டு எழாமல் இருங்கள். எந்தப் பேராலயத்துக்கும் எந்த நகராட்சிக்கும் நன்றி சொல்கிறார்கள், எந்த ஸ்டூடியோவின் பெயர் வருகிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.