கேளுங்கள் டாக்டர்: காப்பகத்தில் வேலை பார்க்க ஆசை

கேள்வி: நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் எல்லோரும் டி.என்.பி.எஸ்.சி., பெட் கிளினிக், கோழிக் கம்பெனி என்றே பேசுகிறார்கள். எனக்கு நாய், பூனைக் காப்பகத்தில் வேலை பார்க்கத்தான் ஆசை. "தெருநாய்க்கு ஊசி போடவா அஞ்சரை வருஷம் படிக்கிறே?" என்கிறார் அப்பா. இதற்குத் தனிப் படிப்பு உண்டா? சம்பளம் வருமா?
– எஸ்., நாமக்கல்

பதில்: படிப்பு உண்டு, ஆனால் அமெரிக்காவில். கார்னெல் பல்கலைக்கழகம் 1999-ல் இதைப் பாடமாக வைத்தது. 2014-ல் அங்கே தனிச் சிறப்புத் துறையாகவே அங்கீகாரம் கிடைத்துவிட்டது. நம் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பி.வி.எஸ்சி.யில் இதற்குத் தனித் துறை கிடையாது.

சரி, அதற்காகக் கவலை வேண்டாம், நீங்கள் நாமக்கல்லில் படிப்பதே ஒரு வசதி என்பேன். அடிபட்ட ஒரு நாயைத் தூக்கிவந்து காப்பாற்றுவதுதான் காப்பக மருத்துவம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் சீக்கிரம் வெறுத்துப்போகிறார்கள். இது கூட்டத்துக்குப் பார்க்கிற வைத்தியம். புதுக் குஞ்சைப் பழைய கூட்டத்தோடு கலக்காதே, நோய்க் கொட்டகைக்குக் கடைசியாகப் போ என்று கோழிப் பாடத்தில் தூங்கிக்கொண்டே கேட்டீர்களே, அதேதான் இங்கேயும். நாய்க்குட்டிகளுக்கு ரத்த வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பார்வோ வைரஸ் தொற்றிய குட்டியில் அறிகுறி தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம், அதற்குள் அதே வாளியும் துடைப்பமும் எல்லாக் கூண்டுக்கும் போய்வந்திருக்கும். ஃபினாயிலுக்கு அந்த வைரஸ் சாகாது. முதலில் மலத்தை அகற்றி சோப்பு போட்டுக் கழுவி, அப்புறம் பிளீச்சிங் கரைசல் ஊற்ற வேண்டும். தடுப்பூசியை உள்ளே வரும் நாளிலேயே போட்டுவிட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது.

கணக்கும் தெரிய வேண்டும். தினமும் 5 நாய் வந்து ஒவ்வொன்றும் 20 நாள் தங்கினால் 100 இடம் தேவை. அதையே 10 நாளாகக் குறைத்தால் 50 போதும். காப்பகம் நிரம்பி வழிகிறது, இன்னொரு கொட்டகை கட்டணும் என்று நன்கொடை கேட்கும் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வேலைக்கு வருவோம். 2023-ன் விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்க் கருத்தடையை உள்ளாட்சிகளின் பொறுப்பில் வைத்திருக்கின்றன, அதனால் அறுவைக்குக் கை பழகிய டாக்டருக்குத் தேவை இருக்கிறது. ஊட்டியில் வேர்ல்டுவைட் வெட்டினரி சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பின் பயிற்சி மையத்தில் கருத்தடை அறுவைப் பயிற்சி தருகிறார்கள், விசாரித்துப் பாருங்கள். சம்பள விஷயத்தை அப்பாவிடம் மறைக்காதீர்கள். நன்கொடையில் ஓடும் இடங்களில் அரசுச் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது. சேரும் முன்பே சம்பளம், விடுமுறை, இரவு அழைப்பு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 'சேவைதானே' என்று யாராவது இழுத்தால் அந்த இடம் வேண்டாம்.

கேள்வி: என் மகள் இன்டர்ன்ஷிப்பில் ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போகப்போகிறாள். கடித்துவிட்டால் என்ன செய்வது என்று தூக்கமே வரவில்லை.
– ஒரு தாய், ஒரத்தநாடு

பதில்: கடிபடும் முன்பே போடும் ரேபிஸ் தடுப்பூசி இருக்கிறதம்மா: முதல் நாள், 7-ம் நாள், 21 அல்லது 28-ம் நாள் என்று மூன்று தவணை. கூண்டுக்குள் கை வைக்கும் முன் மூன்றையும் முடிக்கச் சொல்லுங்கள். அப்புறமும் கடித்தால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஒரு ஊசி, மூன்று நாள் கழித்து இன்னொன்று. முன்பே முழுசாகப் போட்டவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் (காயத்தில் போடும் எதிர்ப்பு மருந்து ஊசி) தேவையில்லை. இதைக் காட்ட ஊசிச் சீட்டு வேண்டும், அதைப் போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கட்டும்.