மகளின் கால் இழுபடுவதற்கு ஓட்டிசம் காரணமா?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு 20 வயது, உயர்தரம் முடித்துக் கணக்கியல் படிக்கிறாள். போன வருடத்தில் இருந்து வலது கால் இழுபடுகிறது. இடையிடையே கண்ணை மூடியபடி விழுந்து உடம்பு உதறுகிறது. எம்.ஆர்.ஐ., ஈ.ஈ.ஜி. (மூளை மின்பதிவு) இரண்டிலும் பிழை இல்லை. நரம்பியல் வைத்திய நிபுணர் ‘எஃப்.என்.டி.’, அதாவது செயல்பாட்டு நரம்பியல் கோளாறு, என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு ஒரு உளவளத்துணையாளர் இணையத்தில் வினாத்தாள் ஒன்றை நிரப்பவைத்து, பிள்ளைக்கு ஓட்டிசம் (மதியிறுக்கம்), கால் இழுபடுவதும் அதனால்தான் என்று சொல்லியிருக்கிறார். “மனசில் என்ன என்று எத்தனை தரம் கேட்டாலும் ‘ஒண்டும் இல்லை அம்மா’ என்கிறாள். சென்னைக்குக் கூட்டிப்போய் மூளை மேப்பிங் செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். நகையை வைத்தாவது போகவா?”

நகையை வைக்க வேண்டாம் அம்மா. ஓட்டிசத்தைக் காட்டித்தரும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ சென்னையிலும் இல்லை, லண்டனிலும் இல்லை. பிள்ளையின் வளர்ச்சியை விசாரித்து, அவளோடு நேரம் எடுத்துப் பேசிப் பழகிப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். மூளை மேப்பிங் என்ற பெயரில் நிறம் நிறமாக அச்சடித்துத் தரும் படத்தை வைத்து ஓட்டிசம் என்று எழுதுபவர் உங்கள் காசுக்குத்தான் எழுதுகிறார்.

உங்களிடம் இப்போது இரண்டு முடிவுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எஃப்.என்.டி. என்பது ஒரு நிபுணர் உடம்பைத் தொட்டுப் பார்த்துச் சொன்னது. ஓட்டிசம் என்பது ஒரு வினாத்தாளின் கூட்டுத்தொகை.

‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அதனால் எஃப்.என்.டி.’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதற்கென்றே அடையாளங்கள் உண்டு. மகளைக் கட்டிலில் படுக்கவைத்து, வலது குதிக்காலுக்குக் கீழே வைத்தியர் கையை வைத்து “கீழே அழுத்துங்கள்” என்பார். அழுத்தம் வராது. பிறகு “இடது காலைத் தூக்குங்கள்” என்று அதன் மேல் தடுப்புக் கொடுப்பார். அந்த நேரத்தில், கேட்காமலே, வலது குதிக்கால் அவர் கையைப் பலமாக அழுத்தும். ஹூவர் என்ற அமெரிக்க வைத்தியர் 1908இல் எழுதிவைத்த சோதனை இது. தசை, நரம்பு, முதுகுத்தண்டு எல்லாம் நல்லாக இருக்கின்றன. ‘அசை’ என்று நினைத்து அசைக்கும் பாதையில் மட்டும் தடங்கல் என்பதை அது காட்டுகிறது. அடுத்த கிளினிக்கில் இதை மகளுக்கும் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். தன் காலுக்கு இன்னும் பலம் இருக்கிறது என்பதைத் தன் கண்ணால் பார்ப்பதே சிகிச்சையின் முதல் படி. பார்த்தவர்கள் அழுதிருக்கிறார்கள்.

நடிக்கிறாளா என்று நீங்கள் கேட்கவில்லை. வீட்டில் வேறு யாராவது கேட்டிருப்பார்கள். நடிப்பு இல்லை. கவனம் காலில் போகும்போது கூடுவதும், கவனம் வேறெங்கோ போகும்போது குறைவதும் இந்த நோயின் இயல்பு. “டீவி பார்க்கும்போது கால் நல்லாத்தானே இருக்கு” என்று மாமாவோ சித்தியோ சொன்னால், அதைத்தான் வைத்தியரும் நோயின் அடையாளமாகக் குறித்துவைத்தார் என்று சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டைத் திருத்தியபோது, இந்த நோயைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மன அதிர்ச்சி இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். ஆகவே ‘பிள்ளைக்கு என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள்’ என்று வீட்டுக்குள் பொலிஸ் விசாரணை நடத்தாதீர்கள்.

இனி அந்த ‘ஒண்டும் இல்லை’க்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆகப் பெரிதாகப் பட்டது அதுதான்.

அவள் மறைக்கிறாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். சிலருக்கு நெஞ்சு படபடக்கும், வயிறு இறுகும், கை குளிரும். ஆனால் அது பயமா, கோபமா, பசியா என்று பிரித்துச் சொல்ல வராது. இதை அலெக்ஸிதைமியா என்பார்கள். பொஸ்டனில் வேலை செய்த பீட்டர் சிஃப்னியோஸ் என்ற உளமருத்துவர் 1970களில் வைத்த பெயர். அது தனியான ஒரு வியாதி இல்லை. உயரம், குட்டை மாதிரி ஆளுக்கு ஆள் கூடிக் குறையும் ஒரு தன்மை. கை கால் இயக்கத்தில் எஃப்.என்.டி. உள்ளவர்களை வைத்து லண்டனில் நடத்தி 2014இல் வெளியான ஆய்வொன்றில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது பலமாக இருந்தது. ஓட்டிசம் உள்ளவர்களை எடுத்தால், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில் அரைவாசிப் பேருக்கு இருக்கிறது.

குழப்பம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே தன்மை தெரிவதால், ‘உணர்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை, ஆகவே ஓட்டிசம்’ என்று அவசரப்பட்டு முடிவு கட்டுகிறார்கள். ஓட்டிசம் உள்ளவர்களில் மற்ற அரைவாசிக்கு உணர்ச்சியைச் சொல்வதில் அப்படிக் கஷ்டம் இல்லை. ஓட்டிசமே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்தக் கஷ்டம் இருக்கிறது. மனச்சோர்வு வந்தாலும் அது கூடும். ‘அழாதே, வாயை மூடு’ என்று வளர்க்கப்பட்ட வீடுகளிலும் கூடும். போர்க்காலத்தில் பிள்ளை வளர்த்த நம்மில் பலருடைய வீடுகள் அப்படித்தான் இருந்தன. அதற்காக யாரையும் குற்றம் சொல்லவில்லை.

அந்த வினாத்தாள், நீங்கள் சொல்வதைப் பார்த்தால், 2001இல் கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் வெளியிட்ட 50 கேள்விகள் கொண்ட தாளாக இருக்கும். 32 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு விசாரிக்கலாம் என்பதற்காகச் செய்தது. முடிவு சொல்வதற்காகச் செய்ததில்லை. கூட்டமான இடத்துக்குப் போகப் பிடிக்குமா, புது ஆட்களோடு பழகுவது சுகமா என்ற மாதிரிக் கேள்விகள் அதில் வரும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் விழுந்து எழும்பிய ஒரு பிள்ளை அதற்கு என்ன பதில் போடுவாள்? எஃப்.என்.டி. உள்ளவர்கள் இப்படியான தாள்களில் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் புள்ளி எடுப்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. சத்தம், வெளிச்சம், தொடுகை தாங்காத தன்மையும் இரண்டு கூட்டத்திலும் தெரிகிறது. ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை.

மகளுக்கு ஓட்டிசம் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து நடந்து, சிரித்து, சமாளித்துப் பள்ளிக்கூடத்தைக் கடந்துவிடுவார்கள். 20 வயதுவரை யாருக்கும் பிடிபடாமல் போவது நடக்கிற காரியம்தான். ஆனால் அதற்கான சாட்சி போன வருடத்தில் இல்லை, குழந்தைக் காலத்தில் இருக்கிறது. அந்தச் சாட்சி நீங்கள். மொன்டிசூரி வயதில் மற்றப் பிள்ளைகளோடு விளையாடினாளா, பக்கத்தில் தனியாக விளையாடினாளா? சட்டைக் கழுத்தில் உள்ள லேபலை வெட்டச் சொன்னாளா? சோற்றில் கறி தொட்டால் சாப்பிட மறுத்தாளா? திருவிழாவில் மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினாளா? ஒரு விசயத்தைப் பிடித்தால் மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தாளா? யோசித்து எழுதி வையுங்கள். பழைய தேர்ச்சி அறிக்கைகளில் ஆசிரியர் எழுதிய குறிப்புகளையும் எடுத்து வையுங்கள். உளநல வைத்திய நிபுணர் ஒருவர் ஆறுதலாகப் பார்க்கட்டும். அது ஆறு மாதம் எடுத்தாலும் காலுக்கு ஒரு நட்டமும் இல்லை. காலுக்கான சிகிச்சை அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

வலிப்பு விசயத்தில் ஒரு விலக்கு உண்டு. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். எஃப்.என்.டி. உதறல் உள்ளவர்களில் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரைக்கும் காக்கை வலிப்பும் (எபிலெப்ஸி) சேர்ந்தே இருக்கிறது. ஓட்டிசம் உள்ளவர்களுக்குப் பொதுவாகவே காக்கை வலிப்பு வரும் சாத்தியம் கூட. ஆகவே உங்கள் மகள் விசயத்தில் இரண்டும் இருக்கலாம் என்ற கதவைச் சாத்திவிடக் கூடாது. வலிப்பு வராத நேரத்தில் எடுத்த ஈ.ஈ.ஜி. நல்லாக இருந்தால் அது காக்கை வலிப்பு இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அடுத்த தரம் விழும்போது போனில் வீடியோ எடுங்கள், முகம் தெரிய எடுங்கள். கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? எஃப்.என்.டி.யில் பெரும்பாலும் மூடியிருக்கும், காக்கை வலிப்பில் பெரும்பாலும் திறந்திருக்கும். எத்தனை நிமிடம்? தலை பக்கத்துக்குப் பக்கம் ஆடியதா? முகம் நீலம் பாய்ந்ததா? வழக்கமாக வருவதைப் போல இல்லாமல் புது விதமாக ஒன்று வந்தாலோ, ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, காயம் பட்டாலோ 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாய்க்குள் கரண்டி வைப்பது, நாலு பேர் அமுக்கிப் பிடிப்பது எதுவும் வேண்டாம். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வைத்து, ஆட்களை விலக்கி, மெல்லிய குரலில் “பக்கத்தில் இருக்கிறேன்” என்று சொன்னால் போதும். வலிப்புக் குளிசை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அந்தக் குளிசை சோடியம் வல்புரோவேட்டாக இருந்தால், பிள்ளைப்பேறு வயதுப் பெண்ணுக்கு அது தேவைதானா என்று நரம்பியல் நிபுணரிடம் நேரடியாகக் கேளுங்கள். கர்ப்பத்தில் அந்த மருந்து குழந்தையைப் பாதிக்கும் என்பது நிச்சயமாகத் தெரிந்த விசயம்.

சரி, சிகிச்சை என்ன? காலுக்கு, எஃப்.என்.டி. தெரிந்த இயன்மருத்துவர். ‘இந்தத் தசையை இறுக்கு’ என்று காலையே பார்க்கவைக்கும் பயிற்சி இதற்குச் சரிவராது. பின்னால் நடப்பது, பந்து எறிந்துகொண்டே நடப்பது, தாளத்துக்கு நடப்பது என்று கவனத்தை வேறு பக்கம் திருப்பிச் செய்ய வேண்டும். உதறலுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. பிரித்தானியாவில் 368 பேரை வைத்து நடத்தி 2020இல் வெளியான பெரிய ஆய்வில் அது உதறல் எண்ணிக்கையைத் தெளிவாகக் குறைக்கவில்லை. ஆனால் ஆட்களின் அன்றாட வாழ்க்கை முன்னேறியது, மனக்கஷ்டம் குறைந்தது. ஆகவே எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள்.

உங்கள் மகளுக்கு இதில் ஒரு மாற்றம் வேண்டும். உணர்ச்சிக்குப் பெயர் சொல்லவராத பிள்ளையிடம் ‘மனசைத் திறந்து பேசு’ என்று தொடங்கும் சிகிச்சை இரண்டாம் சந்திப்போடு நின்றுவிடும். உடம்பில் இருந்து தொடங்க வேண்டும். ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். நேரம், இடம், உடம்பில் எந்த இடம் என்று மூன்றே மூன்று விசயம். தாடை இறுக்கம், தோள் பாரம், மூச்சு மேலே மேலே, உள்ளங்கை குளிர். சத்தம், வெளிச்சம், சனம் கூடவா என்று பக்கத்தில் ஒரு புள்ளடி. மனசைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். என்னிடம் வந்த ஒரு மாணவியின் கொப்பியில் விழுந்த நாட்களுக்கு எதிரே எல்லாம் ஒரே விசயம் இருந்தது: வகுப்பில் டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்த நாள், அல்லது ஒழுங்கு சொல்லாமல் வகுப்பு நேரம் மாறிய நாள். அவள் ஒரு தரமும் ‘எனக்குக் கவலை’ என்று சொன்னதில்லை. கொப்பி சொன்னது. இருக்கை மாற்றினோம், நேரசூசியை முன்கூட்டியே வாங்கினோம், உடம்பு இறுகத் தொடங்கும்போதே வெளியே போய்க் காலைத் தரையில் ஊன்றி நிற்கப் பழக்கினோம். ஓட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது உதவும். அதனால்தான் அந்தப் பெயருக்காக அலைய வேண்டாம் என்கிறேன்.

தரகர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சென்னையில் நல்ல வைத்தியசாலைகள் இருக்கின்றன. தேவைக்குப் போவோரைத் தடுக்கமாட்டேன். ஆனால் கொழும்பில் ஆள் பிடித்து அனுப்பும் முகவருக்கு உங்கள் மகளின் கால் நேராகுதா என்பது கணக்கில்லை, அவருக்குக் கமிஷன் கணக்கு. போய்வந்தவர்கள் கொண்டுவரும் ஃபைல்களைப் பார்க்கிறேன். இங்கே ஏற்கெனவே எடுத்த அதே எம்.ஆர்.ஐ., அதே இரத்தம், கூடவே ஓட்டிசத்துக்கு ஸ்டெம்செல் ஊசி என்று விலைப் பட்டியல். ஓட்டிசத்தை மாற்றும் ஊசி கிடையாது. எந்த நிபுணர் பார்ப்பார், அவர் பெயர் என்ன, எஃப்.என்.டி.க்கு அவர் என்ன சிகிச்சை தருவார் என்று முகவரிடம் கேளுங்கள். முதல் கேள்வியிலேயே பேச்சு பக்கேஜ் விலைக்குத் திரும்பும். இங்கேயும் வைத்தியர் என்று சொல்பவருக்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு ஓட்டிசம் என்று எழுதிக் கொடுப்பவர்கள் இந்த நகரத்தில் கூடிக்கொண்டே போகிறார்கள்.

அவர்கள் ஏன் கூடுகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். அரசாங்கக் கிளினிக்கில் விடியற்காலை இலக்கம் எடுத்துக் காத்திருந்தால் உள்ளே கிடைப்பது சில நிமிடம். அதற்குள் ‘ஸ்கேன் நல்லம், ஸ்ட்ரெஸ்தான், போங்கோ’ என்று முடிந்துவிடும். சனல் பண்ணிக் காசு கட்டினாலும் பல இடத்தில் அதே சில நிமிடம்தான். வளர்ந்தவர்களுக்கான ஓட்டிச மதிப்பீட்டைத் தமிழில் செய்யத் தேடிப் போனால் கைவிரல்கூட மடக்கத் தேவையில்லை, அவ்வளவு குறைவு. தமிழ்ப் பிள்ளை தன் வயிற்றுக்குள் என்ன செய்கிறது என்று தட்டுத்தடுமாறிச் சொல்வதை, பக்கத்தில் நிற்கும் தம்பியோ தாயோ சிங்களத்தில் அரைகுறையாக மாற்றிச் சொல்லி, அதைக் கேட்டு வைத்தியர் எழுதுகிறார். உணர்ச்சியைச் சொல்லவராத ஒருத்திக்கு இதைவிடப் பெரிய அநியாயம் வேண்டுமா? தலைநகரத்தின் வைத்தியசாலைகளில் இத்தனை வருடத்துக்குப் பிறகும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை உட்காரவைக்க முடியவில்லை என்றால், குறை நோயாளியில் இல்லை.

ஆகவே வாயில் தங்கியிருக்காமல் தாளில் கொண்டுபோங்கள். வீடியோ உள்ள போன், கொப்பி, குளிசைப் பெட்டிகள், குழந்தைக் காலக் குறிப்பு. தமிழ் பேசும் உளநல வைத்தியரோ தாதியோ இருக்கும் நாளைக் கேட்டு அந்த நாளுக்குத் திகதி எடுங்கள். கேட்டால் பல இடங்களில் தருவார்கள். மகளைக் கொஞ்ச நேரம் தனியாகப் பார்க்கச் சொல்லி, நீங்கள் வெளியே இருங்கள். அதற்கு முன்னால் மனநிலை மோசமானால் அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம். நரம்பியல் நிபுணரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: என்ன அடையாளத்தை வைத்து எஃப்.என்.டி. என்று சொன்னார், காக்கை வலிப்பு பற்றி அவர் முடிவு என்ன. அந்த ஒரு பக்கக் கடிதம் கையில் இல்லாமல் எந்த முகவரிடமும், எந்தத் துணையாளரிடமும் இனி ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.