மர்மம் உடலில் எங்கே இருக்கிறது?

கேள்வி: பிரபலங்களின் மர்ம மரணங்களில் பிரேதப் பரிசோதனை அறிக்கை, தடயவியல் அறிக்கை என்று எல்லாம் வந்த பிறகும் மர்மம் மட்டும் விலகுவதே இல்லை. பெரிய இடத்து விவகாரம் என்பதால் உண்மையை மூடி மறைக்கிறார்களா?

பதில்: 'மர்மம்' என்ற சொல்லை ஒரே மூச்சில் இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறீர்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன். வடமொழியில் அந்தச் சொல்லுக்கு உடம்பில் உள்ள ஓர் இடம் என்றும் பொருள் உண்டு: அடிபட்டால் உயிரே போய்விடக்கூடிய இடம். பழைய ஆயுர்வேத மருத்துவ நூலான சுசுருத சங்கிதை அப்படிப்பட்ட 107 இடங்களைக் கணக்கிட்டுச் சொல்கிறது. நம் வர்மக் கலையின் 'வர்மம்' அதே சொல்லின் இன்னொரு வடிவம்தான். உயிர் போன இடத்தை விரல் வைத்துக் காட்ட உதவிய ஒரு சொல்லை, யாருக்கும் எதுவும் தெரியாது என்று அறிவிக்கும் சொல்லாக நம் செய்தித்தாள்கள் மாற்றிவிட்டன. காரணம் தெரியாதவரை அது 'மர்மக் காய்ச்சல்'. இரத்தப் பரிசோதனை முடிவு வந்த மறுநாள் அதுவே டெங்கு. அந்த மர்மம் பரிசோதிக்காத இரத்தத்தில் இருந்ததே தவிர, காய்ச்சலில் ஒருபோதும் இருந்ததில்லை.

பிரபலங்களின் மரணங்களும் எனக்கு அப்படித்தான் தோன்றுகின்றன. மரியாதை, அவசரம், அரசியல் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றின் பெயரால், சாதாரண மனிதரின் உடலுக்குக் கிடைக்கும் முறையான பரிசோதனை பிரபலத்தின் உடலுக்கு மறுக்கப்படுகிறது. அன்றைக்கு விடுபட்டதைத்தான் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு நாம் மர்மம் என்று அழைக்கிறோம்.

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி பிரேதப் பரிசோதனை அங்கேயே நடந்திருக்க வேண்டும். உள்ளூர் மருத்துவ அதிகாரி ஏர்ல் ரோஸ் வழிமறித்துச் சொல்லியும் கேளாமல், பாதுகாப்புப் படையினர் உடலை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். துப்பாக்கிக் காயங்களில் போதிய அனுபவம் இல்லாத இராணுவ மருத்துவர்கள் பெதெஸ்டா கடற்படை மருத்துவமனையில் அன்றிரவு உடலை அறுத்தார்கள். சுவாசத்துக்காகத் தொண்டையில் ஏற்கெனவே டல்லாஸ் மருத்துவர்கள் இட்ட கீறல், அங்கிருந்த குண்டுக் காயத்தை உருக்குலைத்திருந்தது. பாதுகாத்து வைத்த மூளை காணாமல் போனது 1966இல் தெரியவந்தது. இத்தனை ஓட்டைகள் உள்ள ஓர் ஆய்வின்மேல் யார் எந்தக் கதையை ஏற்றினாலும் அது நிற்கத்தான் செய்யும்.

ஹாலிவுட் நடிகை மரிலின் மன்றோவின் கதை இன்னும் வருத்தமானது. 1962 ஆகஸ்டில் அவருடைய உடலை ஆய்வு செய்தவர் தாமஸ் நொகுச்சி என்ற இளம் மருத்துவர். இரத்தம், கல்லீரல் ஆகியவற்றுடன் இரைப்பை, குடல் மாதிரிகளையும் அவர் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார். ஆய்வகம் முதலிரண்டைப் பார்த்து, இறப்புக்குப் போதுமான மருந்து இருக்கிறது என்று நிறுத்திக்கொண்டது. மற்றவற்றையும் பாருங்கள் என்று அவர் கேட்கப் போனபோது மாதிரிகள் அழிக்கப்பட்டிருந்தன. வற்புறுத்தாமல் விட்டது தன் தவறு என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். 1982இல் லாஸ் ஏஞ்சலஸ் அரசு வழக்கறிஞர் அலுவலகம் மீண்டும் விசாரித்து, கொலைக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று முடித்தது. ஆனாலும் அந்தக் குடுவைகள் இன்று இருந்திருந்தால் எத்தனை வாய்கள் அடைத்திருக்கும்!

'பிறகு தோண்டிப் பார்த்துக்கொள்ளலாம்' என்பவர்களுடன் எனக்கு நீண்ட காலமாக வழக்கு உண்டு. பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத் 2004 நவம்பர் 11 அன்று பாரிஸ் அருகே ஓர் இராணுவ மருத்துவமனையில் இறந்தார். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. பொலோனியம் என்ற கதிரியக்க நஞ்சைக் கொடுத்துக் கொன்றுவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்து, 2012 நவம்பரில் கல்லறையைத் திறந்தார்கள். பொலோனியம்-210 ஏறத்தாழ 138 நாட்களுக்கு ஒரு முறை பாதியாகக் குறையும் பொருள். எட்டு ஆண்டுகளில் அது 21 முறை பாதியாகிவிடுகிறது. அதாவது இருபது லட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. சுவிஸ் வல்லுநர்கள் விஷத்துக்கு ஓரளவு ஆதரவு இருக்கிறது என்றார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ரஷ்யர்களும் இல்லை என்றார்கள். இறந்த அன்றே ஒரு குப்பி இரத்தத்தை அந்த நோக்கில் ஆராய்ந்திருந்தால் மூன்று நாட்டு ஆய்வகங்களுக்கு இந்த வேலை வந்திருக்காது.

முறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு மைக்கேல் ஜாக்சனைப் பாருங்கள். இறந்த உடலில் மருந்து ஒரே இடத்தில் நிற்பதில்லை. கல்லீரல், நுரையீரல், இரைப்பை ஆகியவற்றிலிருந்து கசிந்து அருகிலுள்ள இதய இரத்தத்தில் கலந்து, அளவை உயர்த்திக் காட்டிவிடக்கூடும். அதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர் தொடைச் சிரையில் ஊசியைச் செலுத்தித் தனியாக இரத்தம் எடுப்பார். கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீரையும் எடுத்து வைப்பார். ஜாக்சனின் இதய இரத்தத்தில் புரோபோபால் என்ற மயக்க மருந்து மில்லிலிட்டருக்கு 3.2 மைக்ரோகிராம், தொடை இரத்தத்தில் 2.6. இதய இரத்தம் ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் கணக்கு கூடிப்போயிருக்கும். அறுவை அரங்குக்குரிய அந்த மருந்தைக் கண்காணிப்புக் கருவிகள் இல்லாத வீட்டுப் படுக்கையறையில் செலுத்தியிருக்கிறார்கள் என்பதும் ஆய்வில் பதிவானது. 2011 நவம்பரில் அவருடைய மருத்துவர் கான்ராட் மர்ரே குற்றவாளி என்று தீர்ப்பாகி, நான்கு ஆண்டு தண்டனை பெற்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஜாக்சனின் உடலை ஆய்வு செய்த அதிகாரிகள் 2009 ஆகஸ்டில் அறிவித்த சொல் 'ஹோமிசைட்'. பிரேதப் பரிசோதனை மொழியில் அதற்கு, இன்னொருவர் செயலால் நேர்ந்த இறப்பு என்பது மட்டுமே பொருள். கொல்லும் எண்ணம் இருந்ததா என்பது நீதிமன்றத்தின் வேலை. அதைத் தமிழில் 'கொலை' என்று ஒரே சொல்லில் பெயர்த்தால், மருத்துவர் சொல்லாத ஒன்றை நாம் அவர் வாயில் வைத்தவர்களாகிறோம். 'இதயத் துடிப்பு நின்றதால் மரணம்' என்று எழுதுவதையும் இந்தப் பக்கத்தில் விடாமல் எதிர்த்து வருகிறேன். இறக்கும் எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்கிறது. ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. 2018 பிப்ரவரி 24 அன்று துபாயில் ஸ்ரீதேவி இறந்தபோது முதலில் வந்த செய்தி அதுவே. இரண்டு நாளில் அங்குள்ள தடயவியல் அறிக்கை, குளியல் தொட்டி நீரில் தவறுதலாக மூழ்கி இறந்தார் என்றது. முதல் செய்தி காரணம் எதையும் சொல்லவில்லை என்பதால், இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாகப் பேசியதே அபத்தம். ஆனால் அந்த 'முரண்பாட்டை' வைத்து எத்தனை நாள் விவாதம் நடத்தினார்கள்!

அப்படிப்பட்ட விவாதங்களால் உயிரோடு இருப்பவர்கள் படும் துன்பத்தை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. இந்தி நடிகர் சுசாந்த் சிங் ராஜ்புத் 2020 ஜூனில் இறந்தார். அதே ஆண்டிலேயே எய்ம்ஸ் மருத்துவக் குழு கொலை என்பதை மறுத்தது. சிபிஐ தன் முடிவறிக்கையை 2025 மார்ச்சில்தான் தாக்கல் செய்தது. அதற்குள் குற்றம் நிரூபிக்கப்படாதவர்களைத் தொலைக்காட்சிகள் கொலையாளிகளாகவே நடத்தி முடித்திருந்தன.

மறைக்கிறார்களா என்று கேட்டீர்கள். சில இடங்களில் மறைப்பும் நடக்கும். நான் இங்கே சொன்ன வழக்குகளில் சேதம் விளைவித்தது பெரும்பாலும் அவசரமும் அலட்சியமும்தான். ஆனால் முழுப் பரிசோதனை நடந்தும் விடை கிடைக்காத உடல்களும் உண்டு. நடிகை நட்டாலி வுட் 1981 நவம்பரில் கடலில் மூழ்கி இறந்தது விபத்து என்று பதிவானது. வழக்கை மறுபடி திறந்து, அவர் கைகளில் இருந்த கன்றிப்போன தழும்புகள் நீரில் விழுவதற்கு முன்பே ஏற்பட்டிருக்கலாம் என்று கண்டார்கள். 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் அதிகாரிகள் இறப்புச் சான்றிதழில் 'விபத்து' என்பதை நீக்கி, மூழ்கியதும் தீர்மானிக்க இயலாத பிற காரணங்களும் என்று திருத்தினார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அரசு அலுவலகம் 'எங்களால் தீர்மானிக்க இயலவில்லை' என்று கையெழுத்திட்டுக் கொடுத்த அந்தத் தாளை நான் பெரிதும் மதிக்கிறேன். அதில் 'மர்மம்' என்ற சொல் இல்லை.