மாமன் மடிக்குச் சம்மணம் போதும், ஸ்ப்ளிட்ஸ் எதற்கு?

கேள்வி: எனக்கு 44 வயது. ஈரோட்டில் ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு வேலை, நாளெல்லாம் நாற்காலிதான். ஆவணியில் தங்கை மகனுக்குக் காதுகுத்து, மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். சம்மணம் போட்டால் என் முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்து நிற்கிறது, குனிந்தால் கை முழங்காலைத் தாண்டவில்லை. ஒரு மாதமாகக் காலை 5.30 மணிக்கு உடம்பை வளைக்கும் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். குனியும்போது மாஸ்டர் முதுகில் கை வைத்து அழுத்துவார். இப்போது உட்காரும் இடத்தில், வலப்பக்க எலும்பில் வலி. "இழுக்க இழுக்கச் சரியாகும், 90 நாள் பேக்கேஜில் சேருங்கள், காலை இரண்டு திசையிலும் விரித்துத் தரையில் உட்காரும் ஸ்ப்ளிட்ஸே போடலாம்" என்று 9,500 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா? இந்த வயதில் உடம்பு வளையுமா? சர்க்கரைக்கு ஆறு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: முதலில் வலியைப் பார்ப்போம், பேக்கேஜ் அப்புறம்.

நீங்கள் சொல்கிற எலும்பில்தான் தொடையின் பின்தசை தொடங்குகிறது. அங்கே ஆரம்பித்து முழங்காலைத் தாண்டிக் கீழே போய் ஒட்டுகிறது. காலை நீட்டி வைத்துக்கொண்டு குனிந்தால் அந்தத் தசை இரண்டு முனையிலும் இழுபடும், மேல் முனையில் அதை எலும்போடு கட்டும் தசைநாண் எலும்பின் மேல் நசுங்கவும் செய்யும். அதற்கு மேல் ஒருவர் முதுகில் ஏறி அழுத்தினால் அது நொந்துபோகாமல் என்ன செய்யும்? தசையின் நடுவில் லேசாக இழுப்பது வேறு, எலும்பு முனையில் ஊசி குத்துவது வேறு. முன்னது பயிற்சி. பின்னது காயத்தின் ஆரம்பம், அதை இழுத்துச் சரிசெய்ய முடியாது. இழுக்க இழுக்க வலி மாதக்கணக்கில் நீளும். கடையில் நாற்காலியில் உட்காரவே முடியாமல் வருகிறவர்களை, பிசியோதெரபிஸ்டாக நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே குனிகிற பயிற்சி எல்லாவற்றையும் சில வாரங்களுக்கு நிறுத்துங்கள். அதற்குப் பதில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றி, இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கி, பத்து எண்ணி இறக்குங்கள். ஒரு வேளைக்கு எட்டுப் பத்து முறை போதும். நொந்த தசைநாணுக்கு இழுவையைவிட அளவான வேலைதான் பிடிக்கும். அழுத்திய அன்று 'பட்'டென்று சத்தம் கேட்டிருந்தால், தொடையில் நீலம் பாரித்திருந்தால், அல்லது சுரீர் என்று கெண்டைக்கால், பாதம் வரை மரத்துப் போனால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு நேரில் ஒரு டாக்டரிடம் போங்கள்.

முதுகில் கை வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். உங்கள் தசை எங்கே நிற்கிறது என்பது உங்களுக்கு உள்ளே தெரியும், மேலிருந்து அழுத்துகிறவருக்குத் தெரியாது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பவரிடம் "கையை எடுங்க மாஸ்டர்" என்று சொல்லுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அப்படிச் சொன்னால் முகம் சுளிக்கிறவர் நடத்தும் வகுப்பு உங்களுக்கு வேண்டாம்.

வயதுக்கு வருவோம். வளையும். நாற்பதிலும் வளையும், அறுபதிலும் வளையும். பலர் நினைப்பதுபோல் தசை ரப்பர் மாதிரி நீண்டுவிடுவதில்லை. முதல் சில வாரங்களில் மாறுவது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் பொறுமைதான். அடுக்குமாடி வாட்ச்மேன் புது ஆளை முதல் நாள் கேட்டிலேயே நிறுத்துவார், பத்து நாள் அதே முகத்தை அமைதியாகப் பார்த்தால் தலையசைத்து விட்டுவிடுவார். அதேபோல் தினமும் வலி இல்லாத எல்லை வரை போய் நின்று திரும்பினால் உடம்பு எல்லையைத் தள்ளிவைக்கும். முட்டி மோதினால் வாட்ச்மேன் விசிலை ஊதுவார், தசை இன்னும் இறுகும்.

எவ்வளவு நேரம்? அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி சொல்கிற அளவு இவ்வளவுதான்: ஒரு நிலையில் 10 முதல் 30 விநாடி, ஒரு தசைக்கு மொத்தம் 60 விநாடி, வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாள். மெதுவாக ஐந்தாறு மூச்சு விட்டால் 30 விநாடி போய்விடும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது, அதற்கா 9,500? வித்தியாசம் தெரிய நாலிலிருந்து எட்டு வாரம் ஆகும். உடம்பு சூடாக இருக்கும்போது செய்யுங்கள், ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தோ குளித்த பிறகோ. அப்புறம் அந்த 5.30 வகுப்பு. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகள் (டிஸ்க்) நீர் ஏறி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிவது அவற்றுக்கு அதிகச் சுமை. விடிகாலையில் செய்தால்தான் பலன் என்று யார் சொன்னாலும் சரி, குனிகிற வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள்.

உங்களுக்கு வேண்டியது சம்மணம்தான். சம்மணத்தில் கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டில் நடக்க வேண்டிய காரியம். முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கும் நீளும், திருகுவதற்கு ஆனதில்லை. இடுப்பு திரும்பாதபோது முழங்காலைக் கையால் அமுக்கினால் உள்ளே இருக்கிற ஜவ்வுதான் அடி வாங்கும். எனவே முழங்காலைத் தொடவே வேண்டாம், பிட்டத்தை உயர்த்துங்கள். கெட்டியான தலையணை இரண்டை அடுக்கி, அதன் நுனியில் உட்கார்ந்து சம்மணம் போடுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இறங்கினால் அது உங்கள் உயரம். அங்கேயே டிவி பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காலை மாற்றிக்கொள்ளுங்கள். உட்காரும் எலும்பு வலித்தால் எழுந்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு விரல்கடை அளவு உயரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சிலருக்கு இடுப்புக் கிண்ணத்தின் அமைப்பே ஓரளவுக்கு மேல் திரும்ப விடாது. எலும்பு எலும்பில் இடித்தால் எந்தப் பேக்கேஜும் அதைத் திருப்பாது, அவர்கள் ஒரு தலையணையோடு நின்றுகொள்ளலாம். கர்ப்பிணிகள், எலும்பு தேய்ந்தவர்கள், முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள் கதை வேறு, அதை இன்றைக்கு எடுக்கவில்லை.

ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை விட முடியாது. இப்போதே இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வணக்கம் வையுங்கள். முழங்கையைப் பக்கவாட்டில் உயர்த்திக்கொண்டு, விரல்கள் முழு நீளத்துக்கும் ஒட்டுகின்றனவா என்று பாருங்கள். அழுத்தியும் விரல் மூட்டுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது சர்க்கரை கைமூட்டுகளில் செய்த வேலையாக இருக்கலாம். பல வருடம் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அது தோலிலும் தசைநாணிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரத இழைகளில் ஒட்டி, இழைக்கும் இழைக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறது. அங்கே வாட்ச்மேன் கதை செல்லாது, கயிறே விறைத்துவிட்டது. அப்படிப்பட்டவருக்கு முன்னேற்றம் மெதுவாகத்தான் வரும், "சோம்பேறி, ஒழுங்காகச் செய்வதில்லை" என்று மாஸ்டர் திட்டுவதில் அர்த்தமில்லை.

இன்னும் ஒன்று, தோள். முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பின்பாக்கெட்டில் பர்ஸ் எடுக்க வருகிறதா? ராத்திரி அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறதா? சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிடக் கூடுதல். வலி கொதிக்கும் ஆரம்பக் கட்டத்தில் கம்பியில் தொங்கவிட்டு இழுத்தால் வலி இன்னும் கூடி, ஆறுவதும் தள்ளிப்போகும். பாதத்தில் மரமரப்பு இருந்தால் வெந்நீர்ப் பை ஒத்தடமும் வேண்டாம், சுட்டது தெரியாமலே கொப்பளித்துவிடும். ஆறு வருடமாக மாத்திரை எழுதிக் கொடுக்கிறவர்களில் ஒருவராவது "கையைத் தூக்குங்க பார்ப்போம்" என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்கள். ஃபைலைப் பார்ப்பார்கள், நம்பரைப் பார்ப்பார்கள், அடுத்த டோக்கன்.

இந்த இடைவெளியில்தான் பேக்கேஜ்காரர்கள் நுழைகிறார்கள். என் காலத்தில் பிசியோதெரபிக்கு நாலரை வருடம் படிக்கவேண்டும். இரண்டு வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவருக்கும் அதே "தெரபிஸ்ட்" போர்டு. 2021-இல் எங்கள் துறைக்கெல்லாம் சேர்த்து நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தது, ஆனால் ஆளுக்குப் பதிவு உண்டா என்று சரிபார்த்துவிட்டுப் போகும் பழக்கம் ஊருக்குள் வந்து சேரவில்லை. பெரும்பாலான இன்ஷூரன்ஸும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு தரும், நடந்துவந்து பயிற்சி கற்றுக்கொண்டால் தராது. பிறகு ஜனங்கள் ரீல்ஸ் பார்த்துக் கழுத்தைச் சொடுக்கப் போகாமல் என்ன செய்வார்கள்? கழுத்துச் சொடக்கில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிவது அபூர்வம்தான், ஆனால் நடக்கிற விஷயம். ஒரு சென்டர்க்காரர் என்னிடமே வந்து, ஆள் அனுப்பினால் தலைக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறார். பெல்ட், ரோலர், பலகை எல்லாம் அங்கேயே வாங்கவேண்டுமாம். பெல்ட் செய்கிற வேலையை வீட்டில் கிடக்கிற ஈரோட்டுத் துண்டு செய்யும். வலி அடங்கிய பிறகு மல்லாந்து படுத்து, துண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை லேசாக மடக்கியபடி காலைத் தூக்குங்கள், போதும்.

ஆகவே பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள், கொடுக்க மாட்டார்கள், கேளுங்கள்.

காதுகுத்துக்கு மணைப்பலகை போடுவார்கள். அதன் மேல் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போடச் சொல்லுங்கள், பட்டு வேட்டி மறைத்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே பத்துக் கிலோ அரிசிப் பையை மடியில் வைத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து பழகுங்கள். ஒரு காது குத்தி முடித்து ஆசாரி மறு காதுக்கு வரும்போது மருமகன் உதைக்கிற உதையை மட்டும் அரிசிப் பை சொல்லித்தராது, அந்த நேரத்தில் தங்கையைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.