துடிப்பு இல்லையென்றால் இன்றைக்கே 'கிளீன்' பண்ண வேண்டுமா?

கேள்வி: பந்தலூர் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். வயது 26, முதல் கர்ப்பம். நாள் கணக்குப்படி ஒன்பது வாரம். கார்டு டெஸ்டில் இரண்டு கோடு வந்து ஐந்து வாரம் ஆகிறது. கூடலூரில் ஸ்கேன் எடுத்ததில், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது, ஆனால் 5 மில்லிமீட்டர்தான், துடிப்பு இல்லை என்றார்கள். லேசாகக் கறை படுகிறது, வலி இல்லை. கூட்டிப்போன ஜீப்காரர், 'உள்ளேயே இருந்தால் விஷமாகிவிடும், இன்றைக்கே கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்' என்கிறார். மெடிக்கலில் மாத்திரையே போதும் என்கிறார்கள். மாமியார், ஜீப்பில் குலுங்கியதால்தான் கரு தங்கவில்லை என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: விஷமாகாதும்மா. காய்ச்சல் இல்லை, நாற்றமுள்ள வெள்ளை இல்லை, ரத்தம் கொட்டவில்லை என்றால் ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுப்பதால் உங்களுக்குக் கெடுதல் வராது. அவசரம் உங்களுக்கு இல்லை, ஜீப்காரருக்குத்தான். மலையிலிருந்து ஆளை இறக்கிக்கொண்டு போனால் தலைக்கு இவ்வளவு என்று சில இடங்களில் கொடுக்கிறார்கள் என்பது இங்கே ஊரறிந்த விஷயம். 'இன்றைக்கே' என்று யார் சொன்னாலும், ஏன் இன்றைக்கே என்று திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் முக்கியமானது அந்த 5 மில்லிமீட்டர். உள்வழியாகக் கருவி வைத்துப் பார்க்கும்போது, கரு 7 மில்லிமீட்டரைத் தொட்ட பிறகும் துடிப்பு தெரியாவிட்டால்தான் ஒரே ஸ்கேனில் முடிவு சொல்லலாம். அதற்குக் குறைவென்றால் இன்னொரு ஸ்கேன் கட்டாயம். உள்வழியாகக் கருவி வைத்துப் பார்த்திருந்தால் ஒரு வாரம் கழித்து, வயிற்றின் மேல் மட்டும் பார்த்திருந்தால் இரண்டு வாரம் கழித்து. ஆனால் பொய் நம்பிக்கையும் தர மாட்டேன். ஐந்து வாரத்துக்கு முன்பே இரண்டு கோடு வந்துவிட்டதால் நாள் கணக்கு தப்பியிருக்க வாய்ப்பு குறைவு. கரு நின்றுபோயிருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் இரண்டாவது ஸ்கேன் பார்க்காமல் மாத்திரையையோ ஆபரேஷனையோ தொடாதீர்கள். பிறகு வாழ்நாள் முழுக்க 'ஒருவேளை' என்று மனசு அரிக்கும்.

மெடிக்கல் மாத்திரைக்கு வருகிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்பது சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. உங்களுக்குக் கரு கருப்பைக்குள் தெரிந்துவிட்டது, அதனால் இது உங்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லியே ஆக வேண்டும். சிலருக்குக் கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கிவிடும். அப்போதும் கார்டில் இரண்டு கோடு வரும், கறையும் படும். கடை மாத்திரை அந்தக் கருவை ஒன்றும் செய்யாது. ரத்தம் கொஞ்சம் போகும், 'சரி, வேலை முடிந்தது' என்று இவர்கள் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள். அப்புறம் ஒருநாள் குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசியும். வெளியே ஒரு பேடுகூட நனையாது. ஒரு பக்க அடிவயிற்றில் குத்தும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் என்றால் அது பித்தம் இல்லை, வாயு இல்லை. நேராக 108. 'கருப்பைக்குள் கரு தெரிந்தது' என்று ஸ்கேனில் எழுதியிராத யாரும் கடை மாத்திரை பக்கமே போகக்கூடாது.

சரி, இரண்டாவது ஸ்கேனிலும் துடிப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம். வழி மூன்று. தானாக வெளியேறக் காத்திருக்கலாம். ஆனால் இரண்டு வாரத்திலும் ஆகலாம், ஆறு வாரமும் இழுக்கலாம். டாக்டர் தரும் மாத்திரையில் பத்தில் எட்டுப் பேருக்காவது முழுதாக வெளியேறிவிடும். முதல் சில மணி நேரம் வலியும் ரத்தப்போக்கும் நன்றாகவே இருக்கும், அதற்கு வலி மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, உறிஞ்சி எடுப்பது. கால் மணி நேர வேலை, அநேகமாக அன்றே வீடு திரும்பலாம்.

சமவெளியில் இருப்பவர் என்றால் எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள் என்று விட்டுவிடுவேன். நீங்கள் இருப்பது பந்தலூர். ஜூலையில் பெய்கிற மழையில் மரம் விழுந்தால் கூடலூர் போகவே பாதை இருக்காது, ராத்திரியில் யானை வேறு. மணிக்கு இரண்டு பேடு வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து முழுதாக நனைந்தால் ஆஸ்பத்திரியில் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் வண்டி லைன் வீட்டு வாசலுக்கு வருமா என்பதை வைத்து முடிவெடுங்கள். வராது என்றால் வீட்டில் காத்திருப்பது வேண்டாம். மாத்திரை என்றாலும் வார்டில் படுத்தே போடச் சொல்லுங்கள், அல்லது உறிஞ்சி எடுத்துவிடலாம். உடம்பில் ரத்தம் குறைவு என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாலும் இதேதான். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால், 'ஆன்டி-டி' ஊசி தேவையா என்று கரு வெளியேறிய 72 மணி நேரத்துக்குள் கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உறிஞ்சி எடுப்பீர்களா, சுரண்டி எடுப்பீர்களா?" சுரண்டும் பழைய முறையை உலக சுகாதார நிறுவனமே கைவிடச் சொல்லி வருடங்கள் ஆகின்றன. கருப்பையின் உள்சுவர் புண்ணாகி ஒட்டிக்கொண்டால் அடுத்த கர்ப்பத்துக்கே தடை. உறிஞ்சும் கருவி கையால் இயக்குவது, கரண்ட்கூட வேண்டாம், விலையும் அதிகமில்லை. அப்படியும் சில இடங்களில் அது பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. ஸ்கேன் மெஷின் இருக்கும் இடத்தில் ஸ்கேன் பார்க்க ஆள் இல்லை, ஆள் இருக்கும் இடத்தில் 'வெள்ளிக்கிழமை வா' என்கிறார்கள். இதில் புருஷன் கையெழுத்து இல்லாமல் தொட மாட்டோம் என்பார்கள். வயது வந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்தே போதும், தயங்காமல் சொல்லுங்கள்.

அடுத்த பொறி, சில தொற்றுகள் இருக்கிறதா என்று பார்க்கும் 'டார்ச் டெஸ்ட்'. முதல் தடவை கரு கலைந்தவுடன் ஆயிரக்கணக்கில் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறால்தான். ஜீப் குலுங்கியதாலும் இல்லை, கூடை சுமந்ததாலும் இல்லை, பப்பாளியாலும் இல்லை. மாமியாருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். ஒரு மாதவிடாய் சரியாக வந்தபின் மறுபடி முயற்சி செய்யலாம். அழுகை வந்தால் அழுங்கள். சில வாரங்களில் குறையாமல் சாப்பாடும் தூக்கமும் கெட்டால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்துடன் லீவு உண்டு. 1961 மகப்பேறு சட்டத்திலேயே இருந்தது, அதற்குப் பதிலாக வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் தொடர்கிறது, தோட்டத் தொழிலாளருக்கும் சேர்த்துத்தான். எஸ்டேட் ஆபீஸில் தாமாகச் சொல்ல மாட்டார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'வயிற்று வலி' என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். 'கருச்சிதைவு' என்று தேதியோடு எழுதச் சொல்லி, நகல் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, மூலத்தைக் காட்டி நோட்டீஸ் கொடுங்கள்.