‘புட் ஆஃப்’ வேறு, ‘கால் ஆஃப்’ வேறு

தம்பி, கடல் சீற்றத்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு ரத்தான அன்று, விடுதி வரவேற்பில் நீங்கள் ‘புட் ஆஃப்’ என்று சொல்ல, விருந்தினர்கள் மாலைவரை காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் காத்திருந்தது நியாயம்தான். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிவைத்தல். பிறகு நடக்கும் என்ற நம்பிக்கை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இனிப் படகே கிடையாது என்றால் ‘கால் ஆஃப்’. ‘டுடேஸ் ட்ரிப் இஸ் கால்டு ஆஃப்’ என்றால் போதும்.

பலரும் சறுக்கும் இடம் இன்னொன்று இருக்கிறது: ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் உட்காரும். ‘தே கால்டு இட் ஆஃப்’ சரி. ‘கால்டு ஆஃப் இட்’ தவறு.

காற்று தணிந்து 11 மணிக்குப் படகு விடுவார்கள் என்றால், ‘புட் ஆஃப் டில் இலெவன்’ என்று நேரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். வெயிலில் டிக்கெட் வரிசையில் குழந்தையோடு நிற்பவருக்கு அந்த நேரம்தான் வேண்டும்.