சினிமா நடிகை சீரியலுக்கு வந்தால் மவுசு குறைந்துவிடுமா?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: 'கதாநாயகியாக இருந்தவர்கள் சீரியலில் நடித்தால் அவர்களின் மதிப்பு இறங்கிவிடாதா?'

இறங்காது. பல சமயம் ஏறவே செய்யும். ராதிகாவைப் பாருங்கள். 1978இல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் கிராமத்துப் பெண்ணாக அறிமுகமானவர், 1999இல் 'சித்தி' தொடரைத் தம் சொந்த நிறுவனத்தின் மூலமே தயாரித்து நடித்தார். அதாவது, வாய்ப்புக்காகக் காத்திருந்த இடத்திலிருந்து வாய்ப்புக் கொடுக்கும் இடத்துக்குப் போனார். இதை யாரும் கவனிப்பதில்லை, கண்ணீரைத்தான் பேசுகிறார்கள்!

தேவயானியும் அப்படித்தான். 'காதல் கோட்டை' (1996) கமலியைவிட, 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' அபிதான் நம் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நெருக்கமானவள். பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, ரொட்டிக்கு மா பிசைந்தபடியே பார்க்கும் பெண்ணுக்கு, தினமும் வேலைக்குப் போய் வீட்டுச் சண்டையையும் சுமக்கும் அபி அந்நியமானவள் அல்ல. படத்தின் நாயகி இரண்டரை மணி நேரத்தில் போய்விடுவாள். இவள் மறுநாளும் வருவாள்.

ஆனால் ஒரு தொல்லை உண்டு. அழும் பாத்திரம் ஒரு நடிகையோடு ஒருமுறை ஒட்டிக்கொண்டால், அவர் சிரித்து நடித்தாலும் சனங்கள் ஏற்க மறுப்பார்கள். வில்லியாக நடிப்பவர்களுக்குத் திட்டு வேறு.